டைகோனின் முதல் ஓபோன்

சாக்ரமெண்டோ
6 பிப்ரவரி 1984

அன்புத் தங்கை மிசாவோவுக்கு,

இங்கே குளிர் என் எலும்புக்குள் குடித்தனமே வைத்துவிட்டது. அங்கே கவாய்த் தீவில் மழை விட்டதா? உன் முட்டிவலி தேவலையா? உன் பூனை கினகோ இன்னும் அரிசி மூட்டை மேல்தான் தூங்குகிறாளா?

என் இடுப்பெலும்பு கூடிவிட்டதாக டாக்டர் சொல்கிறார். கூடி என்ன பயன்? கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து கட்டில். எலைன் காலையில் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருகிறாள். மாப்பிள்ளை தங்கமானவர். ஆனால் சோற்றில் வெண்ணெய் போட்டுத் தின்கிற மனுஷனிடம் நான் என்ன பேசுவது? நர்ஸ் ஒருத்தி வந்து, "எழுந்து நில்லுங்கம்மா, நாலு அடி வையுங்க" என்கிறாள். எங்கே போவதற்கு என்று கேட்டேன்.

டைகோன் எப்படி இருக்கிறான்? முதலில் அதை எழுது, ஊர்க்கதை பிறகு. அவனுக்கு இப்போது ஒரு பல்கூட இல்லை. சோற்றில் மிசோ சூப்பை ஊற்றிக் குழைத்துக் கொடு. வெள்ளையாக, நீளமாக இருக்கிறான் என்று நான் நாய்க்கு முள்ளங்கியின் பெயரை வைத்தபோது விழுந்து விழுந்து சிரித்தாய். இப்போது அந்த முள்ளங்கி உன் வாசலில்தான் கிடக்கிறது, பார்த்தாயா?

நேற்று கனவில் ஓபோன் ஆட்டம், செத்தவர்கள் வீடு தேடி வரும் கோடை நாட்களில் கோயில் கோயிலாக ஆடுவோமே, அதுதான். நடுவில் மேடையில் முரசு அதிர்கிறது. நாமெல்லாம் ஒரு பக்கமாகச் சுற்றுகிறோம், அவன் மட்டும் எதிர்ப்பக்கமாக நடந்து வந்து நம் சிநேகிதி ஷிகெனோவின் காலில் இடறுகிறான். "உன் நாய்க்குத் திசை தெரியாதாடீ?" என்று அவள் கத்துகிறாள். சிரித்துக்கொண்டே விழித்தேன். விழித்தால் ஜன்னலில் பனி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
யசுயோ


கவாய்
20 பிப்ரவரி

அக்காவுக்கு வணக்கம்.

உன் கடிதம் வந்தது. கையெழுத்து முன்னைப் போலவே அதட்டுகிறது, ஆகையால் நீ பிழைத்துவிட்டாய் என்று தெரிந்துகொண்டேன். இங்கே மழை விடுவதாக இல்லை. முட்டி நாளுக்கு ஒரு பாட்டுப் பாடுகிறது.

உன் சீமந்த புத்திரன் சௌக்கியம். விடிந்ததும் பூட்டிக் கிடக்கும் உன் வீட்டு வாசலில் போய் உட்காருகிறான். கொஞ்ச நேரம் கதவைப் பார்ப்பான். பிறகு பசி வந்ததும் என் வீட்டுக்கு வந்து, ஏதோ நான்தான் உன்னை ஒளித்து வைத்திருப்பது போல ஒரு பார்வை பார்ப்பான். மிசோ சூப்பில் உப்புக் குறைந்தால் தொடுவதில்லை. இந்த ராங்கியெல்லாம் யாரிடம் கற்றான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஷிகெனோவின் காருக்கு வேறு டயர் போட்டாயிற்று. மே மாசம் ஆட்டப் பயிற்சி தொடங்குகிறது. "வாரம் ஒரு கோயில். கோடை முடியறவரை ஒண்ணு விடமாட்டேன். உங்கக்கா இல்லாம முன்சீட்ல யாரை உக்கார வைக்கிறது?" என்று கேட்டாள். நாயை உட்கார வைப்போம் என்றேன். "அதுவும் சரிதான், அது வழி சொல்லி உயிரை வாங்காது" என்றாள். உன்னைத்தான் சொல்கிறாள்.

நர்ஸ் சொல்வதைக் கேள். நாலு அடிதானே? வைத்துத்தான் பாரேன்.

தங்கை,
மிசாவோ


கவாய்
12 மார்ச்

எலைன் கண்ணு,

நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். இதை உன் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புகிறேன், அம்மா கண்ணில் படக்கூடாது என்பதற்காக.

டைகோன் போய்விட்டான். வியாழக்கிழமை. வயசுதான், வேறொன்றும் இல்லை. ஷிகெனோ வந்து குழி தோண்டிக் கொடுத்தாள். உங்கள் வீட்டு மாமரத்தடியில் வைத்தோம்.

உன் அம்மாவிடம் எப்படிச் சொல்வது? உன் அப்பா இறந்தபின் எட்டு வருஷம் அந்த வீட்டில் அவளுக்குத் துணை அவன்தான். டெலிபோனில் சொல்ல எனக்கு நா எழவில்லை. நீ பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிடு. சொன்னபிறகு எனக்கு இரண்டு வரி எழுது.

சித்தி,
மிசாவோ


சாக்ரமெண்டோ
19 மார்ச்

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? கடிதத்தைப் படித்துவிட்டு ஆபீஸ் கழிப்பறையில் போய் அழுதேன். ஆனால் சித்தி, அம்மாவிடம் நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.

காரணம் கேளுங்கள். இரண்டு மாசமாக எழுந்து நிற்கவே மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவர், உங்கள் பிப்ரவரிக் கடிதம் வந்த மறுநாள் தானாகவே கம்பியைப் பிடித்து நின்றார். நர்ஸ், "அட, இன்னிக்கு என்ன விசேஷம்?" என்றாள். "என் நாய் தினம் பூட்டின கதவு முன்னாடி உக்காந்திருக்கு. நான் போய்த் திறக்கணும்" என்றார் அம்மா. இப்போது ஹால் முழுக்க நடக்கிறார். இந்த நேரத்தில் சொன்னால் மறுபடி படுத்துவிடுவார். கோடை முடியட்டும். கால் ஊன்றிவிடட்டும். அதுவரை அவன் இருக்கிற மாதிரியே எழுதுங்கள். உங்களுக்குக் கோடிப் புண்ணியம்.

எலைன்


சாக்ரமெண்டோ
16 ஏப்ரல்

அன்புத் தங்கைக்கு,

இங்கே மரமெல்லாம் துளிர்த்துவிட்டது. உனக்கு என்ன வந்தது? கை முடங்கிவிட்டதா, தபால்தலை தீர்ந்துவிட்டதா? இரண்டு மாசமாக ஒரு வரி இல்லை.

நான் நடக்கிறேன்! நாலுகால் ஊன்றுகோலைப் பிடித்துத் தெருமுனைவரை போய்வந்தேன். எதிர்வீட்டு அம்மாள் ஜன்னலைத் திறந்து கைதட்டினாள். எனக்கு வெட்கமாகிவிட்டது, ஓபோன் மேடைப் பக்கம் பார்த்துக் குனிவோமே, அப்படிக் குனிந்துவிட்டேன். இந்த வேகத்தில் போனால் அடுத்த கோடையில் ஆடுவேன்.

ஜூலையில் நம் கோயில் ஆட்டத்துக்கு டைகோனைக் குளிப்பாட்டிக் கூட்டிப் போ. கழுத்தில் என் சிவப்புத் துண்டைக் கட்டு, அலமாரியில் மேல்தட்டில் இருக்கிறது. அவன் எதிர்த்திசையில் நடந்தால் நடக்கட்டும், இழுக்காதே. ஆட்டம் முடிந்ததும் ஒரு ஐஸ் வாங்கிக் கொடு. ஸ்ட்ராபெரிதான் தின்பான்.

அவனைப் பற்றி நிறைய எழுது. பக்கம் பக்கமாக எழுது.

யசுயோ


கவாய்
7 மே

அக்காவுக்கு வணக்கம்.

தெருமுனைவரை நடந்தாய் என்று படித்ததும் ஷிகெனோ வீட்டுக்கு ஓடிப் போய்ப் படித்துக் காட்டினேன். "அவ அங்க நடக்கிறா, நீ இங்க ஓடறே, முட்டிவலின்னு யாருடீ சொன்னது?" என்றாள்.

எழுதாததற்கு மன்னித்துக்கொள். சளி, காய்ச்சல், பிறகு தோட்டத்து வேலை. மாம்பிஞ்சு கொட்டிக் கிடக்கிறது. கினகோ ஓர் எலியைப் பிடித்துக்கொண்டு வந்து என் தலையணைமேல் வைத்தாள், எனக்குப் பிறந்தநாள் பரிசு போலிருக்கிறது. சமூகக்கூடத்தில் பயிற்சி தொடங்கிவிட்டது. புதிதாக ஓர் ஆட்டம் சொல்லித் தருகிறார்கள். எனக்கு வலது கை எது, இடது கை எது என்றே மறந்துபோயிற்று.

டைகோனும் நலம். நன்றாகச் சாப்பிடுகிறான். போன வாரம் ஷிகெனோவின் செருப்பைக் கடித்துக் குதறிவிட்டான்.

வேறு விசேஷம் இல்லை. நீ நட. நிறுத்தாதே.

மிசாவோ


கவாய்
25 ஜூன்

எலைன் கண்ணு,

நலமா? இங்கே வெயில் கொளுத்துகிறது. சனிக்கிழமை தவறாமல் ஒவ்வொரு கோயிலாக ஆடிக்கொண்டு வருகிறோம். ஆனால் எனக்கு ஆட்டத்தில் மனசு இல்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நேற்று ஷிகெனோ காரை நடுவழியில் ஓரங்கட்டினாள். "நம்ம கோயில்ல வெள்ளை விளக்குக்குப் பேர் குடுக்கச் சொல்லியாச்சு. டைகோன் பேரைக் குடுத்தியா?" என்றாள். குடுக்கலை என்றேன். "ஏன்? குரு தன்னோட வளர்ப்பு மைனாவுக்கே விளக்கு போட்டவரு. நாய்க்கு மாட்டேன்னா சொல்லப்போறாரு?" என்றாள். குருவைப் பற்றிக் கவலையில்லை, யாராவது அக்காவுக்கு எழுதிவிடுவார்கள் என்று சொன்னேன். அவளுக்கு வந்ததே கோபம்!

"இந்த வருஷம் செத்தவங்க முதல் தடவையா வீடு தேடி வர்றது இந்த ஓபோனுக்குத்தான். புதுசா வர்றவங்களுக்கு வழி தெரியாதுன்னுதானே வெள்ளை விளக்கு? அடுத்த வருஷம் கலர் விளக்கு நூறு போட்டாலும் இது ஆகுமா? அவனுக்குத் திசை தெரியாதும்பேன், அது விளையாட்டுக்கு. நிஜமாவே அலைய விட்டுறாத மிசாவோ" என்றாள்.

கண்ணு, பதினாலாம் தேதி நம் கோயில் ஆட்டம். முதல் ஓபோன் ஒருவனுக்கு ஒரு முறைதான். விளக்கு போட்டால் உன் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். போடாவிட்டால் அவளுக்கு நான் செய்வது துரோகம். நீ சொல்லிவிடேன். கும்பிட்டுக் கேட்கிறேன்.

சித்தி


சாக்ரமெண்டோ
3 ஜூலை

அன்புள்ள சித்திக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் போன வாரம் டாக்டர், அக்டோபரில் அம்மா விமானம் ஏறலாம் என்று சொல்லியிருக்கிறார். அம்மா அந்தத் தேதியைக் காலண்டரில் சுழித்து, பக்கத்தில் ஒரு நாயின் படம் வரைந்து வைத்திருக்கிறார். எப்படிச் சொல்வேன்? இத்தனை மாசம் பொறுத்தோம். விளக்குதானே சித்தி, மனசுக்குள் ஏற்றிக்கொள்ளுங்கள்.

எலைன்


கவாய்
15 ஜூலை

அக்கா,

நீ நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். இதைப் படித்தபின் நீ நலமாக இருக்கமாட்டாய். அதனால் உட்கார்ந்துகொண்டு படி. பக்கத்தில் எலைன் இருக்கட்டும்.

டைகோன் இறந்துவிட்டான். மார்ச் மாசமே இறந்துவிட்டான். மே மாசம் நான் எழுதியது பொய். எலைன் மேல் கோபப்படாதே, உன் கால் தேற வேண்டுமே என்று அவள் பயந்தாள். நானும் பயந்தேன். பொய்யை எழுதிய கை என்னுடையதுதான்.

நேற்று நம் கோயிலில் ஆட்டம். நல்ல கூட்டம். மாட்டுக்கறி அடைத்துத் தட்டுப்போல அழுத்திச் சுட்ட ரொட்டிக்கு வரிசை வாசல்வரை நின்றது. இருட்டத் தொடங்கியதும் குரு மேடையேறி, "இந்த வருஷம் வெள்ளை விளக்கு ஏத்துன வீட்டுக்காரங்க உள்வட்டத்துக்கு வாங்க" என்று கூப்பிட்டார். ஒவ்வொரு குடும்பமாகப் போனது. நான் ஐஸ் கடைப் பக்கம் ஒதுங்கி நின்றேன். முரசு தொடங்கிற்று. எல்லோரும் கையை உயர்த்தினார்கள். எனக்குக் கை எழவில்லை அக்கா. வரிசையாகத் தொங்கும் வெள்ளை விளக்குகளில் அவன் பெயர் இல்லை. இல்லாமல் செய்தது நான். அவன் அங்கே எங்கேயோ கால்களுக்கு நடுவே புகுந்து, எந்த வீடு, எந்த விளக்கு என்று தேடிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்துவிட்டேன். அதற்குமேல் நிற்க முடியவில்லை. ஷிகெனோ கொண்டுவந்து வீட்டில் விட்டாள்.

திட்ட வேண்டியதையெல்லாம் திட்டு. நடப்பதை மட்டும் நிறுத்தாதே.

மிசாவோ


சாக்ரமெண்டோ
31 ஜூலை

மிசாவோ,

உன் முட்டி எப்படி இருக்கிறது?

உன்னைத் திட்டி இரண்டு கடிதம் எழுதினேன், இரண்டையும் கிழித்தேன். எலைனோடு ஒரு வாரம் பேசவில்லை. நடக்கவும் இல்லை. நர்ஸ் வந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். நீங்கள் பயந்தது சரிதான், போதுமா?

பல் இல்லாத நாய் செருப்பைக் கடித்துக் குதறியது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த நிமிஷமே எனக்கு உறுத்தியது. ஆனாலும் மடித்து உறைக்குள் வைத்துவிட்டேன். தெரிந்துகொள்ளாமல் இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் அவன் இருப்பான் அல்லவா? ஆகவே பொய்யில் எனக்கும் பங்கு உண்டு. அதை மன்னித்துவிட்டேன். ஆனால் விளக்கு விஷயத்தை மன்னிக்க முடியவில்லை. அவன் வந்து நின்றபோது நம் வீட்டு விளக்கு இல்லையே!

நேற்றுத்தான் ஞாபகம் வந்தது. ஓபோன் நம் கோயிலோடு முடிந்துவிடவில்லையே! ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி மேற்குக்கரைக் கோயிலில் கடைசி ஆட்டம். அங்கே பெயர் கொடு. அவன் அந்தக் கோயிலுக்கும் ஷிகெனோவின் காரில் எத்தனை முறை போயிருக்கிறான்! வழி தெரியும். விளக்கில் அவன் பெயருக்குக் கீழே வீட்டுக்காரர் பெயர் எழுதுவார்கள் இல்லையா, அதில் என் பெயரோடு உன் பெயரையும் எழுதச் சொல். சோறு போட்டது நீ, புதைத்தது நீ. துக்கத்தைக்கூட வெளியே சொல்ல முடியாமல் கிடந்ததும் நீதான். உள்வட்டத்தில் எனக்கும் சேர்த்து ஆடு.

இன்னொன்று. நாய்க்காகத்தான் நடக்கிறேன் என்று நர்ஸிடம் சொன்னேன். அந்தக் கதவுக்குப் பக்கத்துக் கதவு யாருடையது? தங்கச்சியைப் பார்க்க வேண்டும் என்று இந்த வயசில் ஒரு சின்னப் பெண்ணிடம் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் நாயைச் சொன்னேன். இன்று காலை எழுந்து தெருமுனைவரை போய்வந்தேன். அக்டோபரில் வருகிறேன்.

அவன் எப்படிப் போனான் என்று நீ இதுவரை சொல்லவில்லை. ஒளிக்காமல் எழுது.

அக்கா


கவாய்
13 ஆகஸ்ட்

அக்காவுக்கு வணக்கம்.

இரவில் கொஞ்சம் காற்று வருகிறது. முட்டி வலிக்கிறது, ஆனால் ஆடிய வலி.

பெயர் கொடுக்க ஷிகெனோவும் வந்தாள். மேற்குக்கரைக் கோயில்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "டைகோனா? முள்ளங்கின்னு ஒரு பேரா? எந்த ஊர்க்காரரு?" என்றார். "நம்ம ஊருதான். ஆள் கொஞ்சம் குள்ளம்" என்றாள் ஷிகெனோ. அவர் பயபக்தியோடு எழுதிக்கொண்டார். வெளியே வந்து காரில் ஏறியபின்தான் சிரித்தோம். சிரித்து முடித்து மூக்கைச் சிந்தினோம்.

சனிக்கிழமை விளக்கு தொங்கிற்று. டைகோன். கீழே யசுயோ, மிசாவோ. கடலிலிருந்து அடித்த காற்றில் நன்றாக ஆடியது. உள்வட்டத்துக்குக் கூப்பிட்டதும் போனேன். என் பக்கத்தில் ஓர் இளைஞன், அப்பாவை இழந்தவனாம். "உங்களுக்கு யாரு போனாங்க பாட்டி?" என்றான். "எங்க வீட்டுப் பிள்ளை" என்றேன். அவன் சட்டென்று தலை குனிந்து வணங்கினான். நானும் வணங்கினேன். அந்த வணக்கத்தை உனக்கு அனுப்புகிறேன், உன்னுடையதுதான் அது. பிறகு முரசு அடித்தார்கள். உனக்கு ஒரு சுற்று, எனக்கு ஒரு சுற்று என்று மாற்றி மாற்றி ஆடினேன்.

இனி நீ கேட்டது.

அன்று காலை அவன் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். இரண்டு நாளாகவே அப்படித்தான். எனக்கு மழைக் குளிரில் முட்டி குடைச்சல், போதாததற்கு எரிச்சல். "வேணாம்னா போ! உங்கம்மா மாதிரியே உனக்கும் திமிரு. இனிமே உனக்குச் சோறே கிடையாது" என்று கத்திவிட்டு, கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டேன். பின்கட்டில் துணி துவைத்தேன். திரும்பி வந்தபோது உன் வீட்டு வாசற்படியில் கிடந்தான். உடம்பு இன்னும் சூடாக இருந்தது. கூப்பிட்டேன், வால் அசையவில்லை. அவனிடம் நான் கடைசியாகப் பேசியது அதுதான் அக்கா. உன் கால் தேறட்டும் என்று சொல்லாமல் இருந்தது பாதிதான் உண்மை. இதைச் சொல்ல நேரும் என்றுதான் நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஓபோனுக்கு வீடு தேடி வந்த இறந்தவர்களை வழியனுப்பும் நாள் நேற்று. மிசோ சூப்பை ஊற்றிச் சோற்றைக் குழைத்தேன், உப்பு சரியாகப் போட்டேன். கிண்ணத்தை உன் வீட்டு வாசற்படியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஐந்து மாசமாக அவன் பெயரை வாய்விட்டுச் சொல்லப் பயந்தவள் நான், யார் காதிலாவது விழுந்து உனக்கு எட்டிவிடும் என்று. நேற்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கூப்பிட்டேன்.

"டைகோன்! கோவத்துல சொல்லிட்டேன்டா. சாப்பிட வா!"

தங்கை,
மிசாவோ